ஒரே ஆய்வு, பல அவைகள்: வணிக ஆய்வறிக்கையை முன்வைக்கும் முறை

மூன்று மாதம் உழைத்து எழுதிய அறுபது பக்க அறிக்கையை அரை மணி நேரத்தில் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லும்படி அழைப்பு வந்தால், பணிக்குப் புதியவர் பெரும்பாலும் அறிக்கையின் பொருளடக்கத்தையே வரிசை மாறாமல் ஸ்லைடுகளாக மாற்றிவிடுகிறார். பின்னணி, நோக்கம், ஆய்வுமுறை, தரவு, பகுப்பாய்வு, பரிந்துரை என்ற அந்த வரிசை படிப்பவருக்காக உருவானது. படிப்பவர் தமக்கு வேண்டிய பக்கத்துக்குத் தாவிச் செல்லலாம். பிடிக்காத பகுதியை விட்டுவிடலாம். புரியாததை இரண்டாம் முறை படிக்கலாம். கேட்பவருக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது. நாம் எந்த வரிசையில் சொல்கிறோமோ அந்த வரிசையில்தான் அவர் சிந்தித்தாக வேண்டும். ஆகவே அறிக்கையை முன்வைப்பது என்பது அறிக்கையைச் சுருக்குவதைவிட வேறான ஒரு வேலை. அதைப் படிப்படியாகச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'முடிவு' என்ற ஒரே சொல்லால் ஆய்வில் தெரியவந்ததையும் குறிக்கிறோம். அதைக் கொண்டு நிர்வாகம் எடுக்கும் தீர்மானத்தையும் குறிக்கிறோம். கூட்டங்களில் எழும் குழப்பத்தில் ஒரு பங்கு இதனாலேயே வருகிறது. "ஆய்வின் முடிவு இது" என்று நாம் சொன்னதும், தம்மைக் கேட்காமலேயே தீர்மானித்துவிட்டார்கள் என்று எதிரில் இருப்பவர் எண்ணிக்கொள்கிறார். எனவே ஆய்வில் தெரியவந்ததைக் 'கண்டறிவு' என்றும், எடுக்க வேண்டியதைத் 'தீர்மானம்' என்றும், இரண்டுக்கும் இடையே நாம் சொல்லும் யோசனையைப் 'பரிந்துரை' என்றும் இந்தக் கட்டுரை முழுவதும் பிரித்தே எழுதுகிறேன். பேசும்போதும் இப்படிப் பிரித்துப் பேசுவது பயன் தரும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தாவில் இயங்கும் ஒரு சேவை நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 8,000 வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள். காரணம் அறிய, விலகியவர்களில் 1,600 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பப்பட்டு, 400 பேர் பதில் அளித்திருக்கிறார்கள். அவர்களில் 152 பேர், அதாவது 38 சதவீதத்தினர், புகாருக்குத் தீர்வு கிடைக்காததை முதன்மைக் காரணமாகச் சொல்கிறார்கள். விலை அதிகம் என்று சொல்பவர்கள் 84 பேர், அதாவது 21 சதவீதம். நிர்வாகமோ விலைதான் காரணம் என்று இதுவரை நம்பி வந்திருக்கிறது.

முதல் படி: எந்தத் தீர்மானம், யார் கையில்?

ஸ்லைடு மென்பொருளைத் திறப்பதற்கு முன், இந்தக் கூட்டம் முடிந்ததும் யார் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "அடுத்த காலாண்டில் விலையைக் குறைப்பதா, புகார் தீர்வுக் குழுவை விரிவாக்குவதா என்பதை இயக்குநர் குழு தீர்மானிக்க வேண்டும்" என்பது போல அது திட்டவட்டமாக இருக்க வேண்டும். "ஆய்வைப் பற்றித் தெரிவிப்பது" என்று மட்டுமே எழுத முடிகிறது என்றால், அந்தக் கூட்டம் தேவைதானா என்று அழைத்தவரிடமே பணிவாகக் கேட்டுவிடலாம். இரண்டு பக்கக் குறிப்பை அனுப்பினாலே போதுமான கூட்டங்கள் நிறைய நடக்கின்றன.

இரண்டாம் படி: அவையை அறிதல்

வரப்போகிறவர்களின் பதவிப் பட்டியல் மட்டும் இதற்குப் போதாது. இந்தப் பொருளைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இந்தக் கண்டறிவால் அவர்களுடைய வேலையில் எது மாறும், நாம் சொல்வதை மறுப்பதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருக்கக்கூடும் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் புதியவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். நமது எடுத்துக்காட்டில் புகார் தீர்வுப் பிரிவின் தலைவர் அந்த அறையில் இருப்பார். 38 சதவீதம் என்ற எண் மற்றவர்களுக்கு ஒரு தகவல். அவருக்கோ ஒரு குற்றச்சாட்டு. அதை அவர் பத்துப் பேர் முன்னிலையில் முதன்முறையாகக் கேட்க நேர்ந்தால், எண்ணை உடைப்பதில்தான் அவருடைய முழுத் திறமையும் செலவாகும். அப்படிச் செய்வதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே கூட்டத்துக்கு ஓரிரு நாள் முன்னதாக அவரைத் தனியாகச் சந்தித்துக் கண்டறிவைக் காட்டிவிடுங்கள். கண்டறிவை மாற்ற அனுமதி கேட்பதற்காக இந்தச் சந்திப்பு நடப்பதில்லை. அதற்கு அவர் தரும் விளக்கத்தைக் கேட்டறிவதற்காகவே நடக்கிறது. அந்த ஆண்டில் அவருடைய குழுவில் பாதி இடங்கள் காலியாக இருந்தன என்பது போன்ற செய்தி அப்போதுதான் வெளிவரும். அது அறிக்கையில் இடம்பெற வேண்டிய செய்தியும்கூட.

மூன்றாம் படி: மாறாத எண்களின் தாள்

அவைக்கு ஏற்ப வரிசை மாறலாம், ஆழம் மாறலாம், சொற்கள் மாறலாம், அலகும் மாறலாம். கண்டறிவும் அதன் எண்ணும் மாறக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை நிர்வாகத்தினருக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அரைகுறையாக நிரப்பப்பட்ட கேள்வித்தாள்களை நீக்கிக் கணக்கிட்ட இன்னோர் எண்ணைக் களப்பணியாளர்களுக்குச் சொன்னேன். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு 2 சதவீதப் புள்ளிதான் (ஒரு சதவீதத்திலிருந்து இன்னொன்றை நேராகக் கழித்தால் வருவது). இரண்டுமே கணக்கின்படி சரியானவைதான். ஆனால் இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்த நாளில், விவாதம் முழுவதும் எந்த எண் சரி என்பதைப் பற்றியே நடந்தது. கண்டறிவைப் பேச அன்று நேரம் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை.

அன்று முதல், எந்த முன்வைப்புக்கும் முன்னால் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறேன். பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் எண்ணும், அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற விவரமும், எந்தத் தேதியில் எடுக்கப்பட்ட தரவு என்பதும், பின்ன எண்ணை முழு எண்ணாக்கும்போது எப்படி ஆக்கினோம் என்பதும் அதில் இருக்கும். எல்லா ஸ்லைடுகளும், எல்லாச் சுருக்கக் குறிப்புகளும் இந்தத் தாளிலிருந்தே எண்களை எடுக்க வேண்டும். அதே தாளின் தலைப்பில் மையக் கண்டறிவை ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள்: "விலகும் வாடிக்கையாளர்களில் விலையைக் காரணம் சொல்பவர்களைவிடத் தீராத புகாரைக் காரணம் சொல்பவர்களே அதிகம்." இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், குறை முன்வைப்பில் இருக்காது, பகுப்பாய்வு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

நான்காம் படி: அவைக்கு ஏற்ற வரிசை

உயர்நிலை நிர்வாகத்தினருக்குக் கண்டறிவும் பரிந்துரையும் முதல் இரண்டு நிமிடங்களுக்குள் வந்துவிட வேண்டும். "விலை காரணம் என்று நாம் எண்ணியிருந்தோம், தரவு புகார் தீர்வையே காட்டுகிறது, ஆகவே விலைக் குறைப்பை ஒரு காலாண்டு தள்ளிவைத்து, புகார் தீர்வுக்கு ஆள் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறோம்" என்று தொடங்கிவிட்டு, அதற்கான ஆதாரத்தைப் பின்னர் அடுக்க வேண்டும். கடைசியில் சொல்வதற்காகக் கண்டறிவை ஒளித்துவைத்துக்கொண்டு போவது துப்பறியும் கதைக்குப் பொருந்தும். இருபதாம் நிமிடத்தில் வேறொரு கூட்டத்துக்கு எழுந்து போகக்கூடியவரிடம் அது செல்லாது. ஆய்வுமுறை பற்றி அவர்களுக்கு மூன்று வாக்கியங்கள் போதும்: யாரைக் கேட்டோம், எத்தனை பேர் பதில் அளித்தார்கள், எந்த அளவுக்கு நம்பலாம். மீதமுள்ளவை பின்னிணைப்பில் தயாராக இருக்கட்டும். அதோடு, பரிந்துரையை ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஒரு ஸ்லைடில் சொல்ல வேண்டும். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான் என்பதால் அதற்கும் ஒரு விலை உண்டு.

நிதிப் பிரிவினரிடம் ஒற்றை எண்ணைக் கொடுப்பது பயன் தராது. அவர்கள் வரம்புகளில் சிந்திப்பவர்கள். குலுக்கல் போல எல்லோருக்கும் சம வாய்ப்புத் தந்து எடுத்த 400 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரிக்கு, 95 சதவீத நம்பிக்கை அளவில், பிழை வரம்பு (எல்லோரையும் கேட்டிருந்தால் வரும் எண்ணிலிருந்து மாதிரியின் எண் விலகக்கூடிய அளவு) இரு பக்கமும் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி. எனவே 38 சதவீதம் என்பதை 33 முதல் 43 வரை என்று கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 8,000 பேர் விலகும் கணக்கில் அது 2,640 பேரிலிருந்து 3,440 பேர் வரை ஆகிறது. புகார் தீர்வு மேம்பட்டால் இவர்களில் எத்தனை பேர் தங்குவார்கள் என்பது ஆய்வு சொல்லாத விஷயம். அது நம்முடைய ஊகம். ஊகத்தை ஊகம் என்றே அறிவித்து, ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு, பாதி என மூன்று நிலைகளைக் காட்டினால், நடு மதிப்பான 3,040 பேரில் முறையே ஏறத்தாழ 600, 1,000, 1,500 பேர் தங்குவார்கள் என்று வரும். எந்த நிலையிலிருந்து செலவு தேறும் என்பதை அவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். எக்செல் கோப்பை வாய்ப்பாடுகளோடு அவர்களிடம் கொடுத்துவிடுவது, நாம் பேசும் பத்து நிமிடத்தைவிட அதிக நம்பிக்கையைச் சம்பாதிக்கும்.

அன்றாடம் வாடிக்கையாளர்களோடு பேசும் பணியாளர்களின் அவை இவற்றிலிருந்து மாறுபட்டது. சதவீதத்தை அவர்கள் வெறுப்பதில்லை. ஆனால் அதில் தங்கள் அன்றாட வேலை அவர்களுக்குத் தெரிவதில்லை. "விலகிய எட்டுப் பேரில் மூன்று பேர் தீராத புகாரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்" என்றால் அது உடனே மனத்தில் நிற்கும்; எண்ணும் மாறவில்லை. அதன்பின், பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட இரண்டு மூன்று வாடிக்கையாளர்களின் சொற்களை அப்படியே படித்துக் காட்டுங்கள். நாளை காலை முதல் அவர்கள் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். புகார் எந்த மேசையில் போய்த் தேங்குகிறது என்பது எந்தக் கேள்வித்தாளிலும் வந்திருக்காது, அவர்களுக்குத் தெரியும். என் அனுபவத்தில், ஆய்வாளர் அதிகம் கற்றுக்கொள்ளும் அவை இதுதான். நேரம் இல்லை என்று முதலில் ரத்து செய்யப்படுவதும் இதுதான்.

தரவு ஆய்வாளர்களும் புள்ளியியல் அறிந்தவர்களும் அமர்ந்திருக்கும் அவையில் மட்டும் ஆய்வுமுறையிலிருந்து தொடங்கலாம். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி பதில் அளிக்காத 1,200 பேரைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான்கில் ஒருவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். மனக்கசப்போடு போனவர்கள் பதில் எழுத அதிக ஆர்வம் காட்டியிருக்கலாம். பிழை வரம்பு இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. பதில் அளித்தவர்களும் அளிக்காதவர்களும் விலகுவதற்கு முன் எந்த விகிதத்தில் புகார் பதிவு செய்திருந்தார்கள் என்பதை நிறுவனப் பதிவேட்டிலிருந்து ஒப்பிட்டுக் காட்ட முடிந்தால், அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிடும். ஒப்பிடாமல் போய் நின்றால், மீதி நேரம் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பல தரப்பினரும் ஒன்றாக அமரும் கலப்பு அவைதான் நடைமுறையில் அதிகம். தீர்மானிப்பவரை மனத்தில் வைத்துப் பேச்சை அமைத்து, மற்றவர்களுக்கு வேண்டியதைப் பின்னிணைப்பு ஸ்லைடுகளாக எண்ணிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சம பங்கு நேரம் ஒதுக்க முயன்றால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது.

ஐந்தாம் படி: எண்ணும் படமும்

சதவீதம், சதவீதப் புள்ளி என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதந்தோறும் விலகுவோர் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்ந்தால், அது 1 சதவீதப் புள்ளி உயர்வு. அதையே 50 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லும்போது அவையை ஏதோ ஒரு பக்கம் தள்ளுகிறோம். ஆகவே "2 என்பது 3 ஆகியிருக்கிறது" என்று இரு முனைகளையும் சொல்லிவிடுவதே நேர்மையானது.

பட்டை விளக்கப்படத்தின் அச்சு சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். நமது 38-ஐயும் 21-ஐயும் 20-இல் தொடங்கும் அச்சில் வரைந்தால், ஒரு பட்டை 18 அலகு உயரமும் இன்னொன்று 1 அலகு உயரமும் கொண்டிருக்கும். இரண்டு மடங்குக்கும் குறைவான வேறுபாடு பதினெட்டு மடங்காகத் தோன்றும். காலப்போக்கைக் காட்டும் கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது. வட்ட விளக்கப்படத்தை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். கோணத்தையும் பரப்பளவையும் ஒப்பிடுவதைவிட, ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் நீளங்களை ஒப்பிடுவதில் மனிதக் கண் தேர்ந்தது என்பதைக் கிளீவ்லண்ட், மெக்கில் ஆகிய இரு புள்ளியியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட பரிசோதனைகள் காட்டின. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருப்பதால், நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று வண்ணத்தை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது.

படத்தின் தலைப்பு "விலகலுக்கான காரணங்கள், சதவீதத்தில்" என்று இருந்தால், அதிலிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தாமே தேட வேண்டியிருக்கும். "தீராத புகார், விலையைவிடப் பெரிய காரணம்" என்பதே தலைப்பாக இருக்கட்டும்.

சிறு குழுக்களைப் பிரித்துக் காட்டும்போதும் கவனம் தேவை. அந்த 400 பேரில் நிறுவன வாடிக்கையாளர்கள் 40 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றிய எண்ணின் பிழை வரம்பு இரு பக்கமும் 15 சதவீதப் புள்ளியைத் தாண்டும். மேலும், ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள குழுவின் பதில்களைத் தனியாகக் காட்டினால், யார் என்ன சொன்னார் என்பதை அவையில் ஒருவர் கண்டுபிடித்துவிடக்கூடும். பதில் அளித்தவருக்கு நாம் கொடுத்த வாக்குறுதி அங்கே உடைந்துபோகும்.

ஆறாம் படி: ஆய்வின் எல்லையைச் சொல்வது

ஆய்வால் எதைச் சொல்ல முடியாது என்ற எல்லைகளைக் கடைசி ஸ்லைடில் சிறிய எழுத்தில் போடுவது பரவலான வழக்கம், ஆபத்தான வழக்கமும்கூட. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதைந்து ஏழு பேர் இறந்தபின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, பயணத்தின்போது பொறியாளர்கள் நிர்வாகத்துக்குக் காட்டிய ஒரு பவர்பாயிண்ட் ஸ்லைடைத் தன் அறிக்கையில் ஆராய்ந்தது. சேதம் பற்றிய மிக முக்கியமான எச்சரிக்கை அந்த ஸ்லைடின் கீழ்ப் பகுதியில், உள்தள்ளிய சிறு வரிகளுக்கிடையே புதைந்து கிடந்தது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் பழக்கத்தையே அந்தக் குழு குறைகூறியது. வணிக ஆய்வில் உயிர்கள் பெரும்பாலும் பணயமாவதில்லை என்றாலும், எச்சரிக்கை புதைந்துபோகும் விதம் ஒன்றேதான்.

கேட்கப்படாத கேள்வியும் ஓர் எல்லைதான். 1985-இல் கோகோ கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகளின் பின்னணியோடு தன் பானத்தின் சுவையை மாற்றியது. புதிய சுவையைப் பலர் விரும்பினார்கள் என்பதே சோதனைகளின் கண்டறிவு. அது பொய்யாக இருக்கவில்லை. பழைய பானம் இனிக் கிடைக்காது என்றால் என்ன நினைப்பீர்கள் என்பதற்கு அந்தச் சோதனைகளால் பதில் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பி, மூன்று மாதங்களுக்குள் பழைய பானம் திரும்பி வந்தது. நமது எடுத்துக்காட்டிலும் இப்படியொரு இடைவெளி இருக்கிறது: விலகியவர்களைக் கேட்டோம், தீராத புகாரோடு விலகாமல் இருப்பவர்களைக் கேட்கவில்லை. கண்டறிவைச் சொன்ன அதே மூச்சில், அதே ஸ்லைடில், அதே எழுத்தளவில் இதைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய எல்லையை நாமே சொன்னால் அது நேர்மை. இன்னொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது குறை.

ஏழாம் படி: ஒத்திகையும் கேள்விகளும்

குரல், உடை, நிற்கும் விதம் பற்றியெல்லாம் வேண்டிய அளவுக்கு அறிவுரைகள் கிடைக்கின்றன. அவற்றில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 30 நிமிடம் கொடுத்திருந்தால் 15 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். மீதி கேள்விகளுக்குச் செலவாகும். முந்தைய நிகழ்ச்சி நீண்டுபோய் உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சினால் எந்த மூன்று ஸ்லைடுகளைக் காட்டுவீர்கள் என்பதையும் முன்னரே குறித்து வையுங்கள். திரையில் காட்டும் ஸ்லைடும் கையில் கொடுக்கும் ஆவணமும் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டு வேலையையும் ஒரே கோப்பு செய்ய வேண்டும் என்று நினைத்தால், திரைக்கு அது அளவுக்கு மீறி நிறைந்திருக்கும். பிறகு படிப்பவருக்குப் போதாமலும் இருக்கும். இணையவழிக் கூட்டமாக இருந்தால், பகிரும் திரையைச் சிலர் கைப்பேசியில் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, ஒத்திகையின்போது நீங்களும் கைப்பேசியில் ஒருமுறை பாருங்கள்.

ஒத்திகைக்கு ஆய்வில் பங்கேற்காத ஒருவரை அழைத்து, பேசி முடித்தபின், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது உங்கள் தாளின் தலைப்பில் இருக்கும் வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், திருத்த வேண்டியது உங்கள் பேச்சை.

கேள்விகளில் தகவல் கேட்பவை, எதிர்ப்பைக் கேள்வியாக வைப்பவை, கேட்பவர் தம் அறிவைக் காட்ட எழுப்புபவை எல்லாம் கலந்தே வரும். தகவல் கேட்பவற்றுக்கு முதலில் ஆம், இல்லை அல்லது ஓர் எண், விளக்கம் அதன்பிறகு. எதிர்ப்பாக வருபவற்றில், எதிர்ப்பின் அடியில் இருக்கும் கவலையை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்வது நல்லது. மூன்றாம் வகைக்கு நன்றி சொன்னால் போதும். பதில் தெரியாதபோது, "இது எங்கள் தரவில் இல்லை" என்றோ "வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்றோ சொல்ல வேண்டும். முன்னது பொய்யான எதிர்பார்ப்பைத் தவிர்க்கும். பின்னதைச் சொன்னால் வியாழக்கிழமை கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் மனக்கணக்கில் ஓர் எண்ணை உருவாக்கிச் சொல்வதை எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். தயாரித்த எண்கள் எல்லாம் மறந்துபோனாலும் அந்த ஓர் எண் மட்டும் அடுத்த ஆண்டின் திட்ட ஆவணம் வரை பயணம் செய்யும்.

கூட்டம் முடிந்தபின்

மறுநாளுக்குள் ஒரு பக்கக் குறிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். எடுக்கப்பட்ட தீர்மானம், எடுக்கப்படாமல் தள்ளிவைக்கப்பட்டவை, பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி ஆகியவை மட்டும் அதில் இருந்தால் போதும். அறிக்கையின் எந்தப் பதிப்பு காட்டப்பட்டது என்பதையும் கோப்பின் பெயரிலேயே தேதியோடு குறித்துவிடுங்கள். புதிதாகத் தெரியவந்த தகவல்களை, நமது எடுத்துக்காட்டில் களப்பணியாளர்கள் சொன்ன அந்த 'எந்த மேசையில் தேங்குகிறது' என்பதை, உங்கள் எண்களின் தாளில் தனிப் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த அவைக்குப் போகும்போது அந்தத் தாளோடுதான் போக வேண்டியிருக்கும்.